பாலேஸ்வரியின் பற்றை

பாலேஸ்வரியின் பற்றையில் முதல் கத்தி வைத்தவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரைப் பற்றி எழுதுவதென்றால் அதை மறைக்க முடியாது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் மின்கோபுரங்களுக்குக் கீழே ஒரு மணல்மேடு. முழங்கால் உயரக் காய்ந்த புல், இடையிடையே புதர்போலக் குட்டைப் பற்றைகள். எங்கள் கண்ணுக்கு அது காடு மண்டிப்போன நிலம். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்த பாலேஸ்வரியோ, நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அங்குள்ள ஒவ்வொரு செடிக்கும் பெயர் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பாடமும் எடுத்தார்.

"உந்தப் பச்சைப் புல்லுக்குத் தண்ணி ஊத்தியே களைச்சுப் போவியள். இது ஒருத்தரையும் கேளாமல் நிக்குது, பாருங்கோ" என்பார். பாடம் கேட்க வந்த ஆட்களைவிடக் கடிக்க வந்த நுளம்பு கூட என்று நான் பகிடி விட்டிருக்கிறேன்.

அந்த மேட்டை உழுது புல்தரையாக்க நகரசபை நினைத்திருந்தது. பாலேஸ்வரி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி இரண்டு வருடத் தவணை வாங்கினார். தொண்ணூற்றைந்து புரட்டாதியில் தவணை முடிந்தது. அடுத்த வெள்ளி அதிகாரி பார்க்க வருகிறார் என்று என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பெரிய ஆள் வருகிற இடம் துப்புரவாக இருக்க வேண்டாமா? எங்கள் ஊர்ச் சங்கத்தில் பன்னிரண்டு பேரைத் திரட்டிச் சனிக்கிழமை சிரமதானம் வைத்தேன். மத்தியானத்துக்குள் மேடு மொட்டை. பாலேஸ்வரிக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துவைத்து, பாராட்டுக்காகக் காத்து நின்றோம்.

வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஆர் வெட்டச் சொன்னது?"

"நான்தான், தங்கச்சி."

"செல்வரட்ணம், கத்தியை வைச்சிட்டு மண்வெட்டியை எடுங்கோ."

ஒருநாளும் அண்ணை என்று சொல்லாமல் என்னைக் கூப்பிட்டதில்லை. அது எனக்குச் சுட்டது.

வெட்டுப்பட்ட ஒரு பற்றையின் பக்கத்தில் தோண்டினேன். மணிக்கட்டுத் தடிப்பில் வேர் இறங்கியது. இடுப்பளவு தோண்டியும் முடிவு தெரியவில்லை.

"நீங்கள் வெட்டினது கொஞ்சம். சீவன் கீழை கிடக்கு. நெருப்பு பிடிச்சாலும் திரும்ப வரும். வெள்ளிக்கிழமை இதை நீங்கள்தான் சொல்லப்போறியள்" என்றார்.

அந்தக் கிழமை பின்னேரம் பின்னேரமாக எங்களுக்கு வகுப்பு. பிழைவிட்டால் திரும்பச் சொல்ல வைத்தார்.

அதிகாரி வந்து மொட்டை மேட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பாலேஸ்வரி அசையவில்லை. "வெட்டியவர்கள் இவர்கள்தான். அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியும். கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மணலையும் வேரையும் நெருப்பையும் விளக்கினேன். அதிகாரி குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இனி யார் பார்த்துக்கொள்வது?"

நானும் அந்தப் பன்னிரண்டு பேரும் கை உயர்த்தினோம்.

"அடுத்த ஆனிவரை பொறுக்கிறேன். தளிர்க்காவிட்டால் புல்தரைதான்."

அந்தப் பனிக்காலம் முழுக்க எனக்கு அதே யோசனை. ஒரு பற்றைக்காக நேர்த்தி வைத்தவன் இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனி பிறந்து மூன்றாவது ஞாயிறு தொலைபேசி அடித்தது. எடுத்த கையோடு பாலேஸ்வரியின் குரல்.

"அண்ணை, வெள்ளை வெளேரெண்டு பூத்திட்டுது. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கத்தியை மட்டும் வீட்டிலை விட்டிட்டு வாங்கோ."