மல்பெரி இலையும் நானும்

இலை அளப்பவனுக்கு ஆய்வுகூடத்தில் மரியாதை உண்டு, கலியாண வீட்டில் இல்லை. "தம்பி என்ன வேலை?" என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிற எல்லோரும் என் கட்சிதான். சுவிஸ் நாட்டில், பாசல் நகருக்குப் பக்கத்துச் சோதனைத் தோட்டத்தில் மூன்று வகை மல்பெரி நிற்கிறது. எந்த வகையின் இலை வெயிலை நன்றாகப் பயன்படுத்துகிறது, அதன் உள்ளமைப்பு எப்படி என்று ஒப்பிடுவது என் வேலை.

எட்டுப் போத்தல்

இலையின் அடியில் மூச்சுத் துளைகள் இருக்கும். நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தால் துளைகளின் அச்சு அப்படியே வரும், நுண்ணோக்கியில் எண்ணலாம். ஒரு சனிக்கிழமை கடையில் எட்டுப் போத்தல் எடுத்தேன். காசாளர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ஆய்வுக்கு" என்றேன். அவள் நம்பவில்லை, மனைவிக்கு என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணை, அக்கா பாவம். ஒரு சிவப்பும் வாங்கிக் குடுங்கோ."

ரேகுலாவின் மூச்சு

ஒளிச்சேர்க்கையை அளக்கும் கருவி இலையைக் கவ்விப் பிடித்து, அது எவ்வளவு கரியமிலவாயுவை எடுக்கிறது என்று காட்டும். பக்கத்தில் நின்று கதைத்தால் நம் மூச்சும் அதில் சேர்ந்துவிடும். என்னோடு வேலை செய்யும் ரேகுலா, மகளின் ஓட்டுநர் பரீட்சைக் கதையை இலைக்கு மேல் குனிந்து சொல்லி, ஒரு காலை முழுவதும் எடுத்த அளவுகளைக் கெடுத்துவிட்டாள். பிறகு மூன்று நாள் மழை. வெயில் வந்த அன்று அவளே சமாதானத்துக்கு வந்தாள்.

"இனி காற்று போகிற பக்கம் நிற்கிறேன், கதையை நிறுத்த மட்டும் சொல்லாதே."

மூன்றாம் வகை

பட்டுப்புழு வளர்க்கும் உர்ஸ் தன் சரிவு முழுக்க மல்பெரி நட இருந்தார். அளவுகளில் மூன்றாம் வகைதான் முதலிடம். அதை நடச் சொல்லி, அறிக்கையோடு போனேன். அவர் புழுத்தட்டில் முதலாம், மூன்றாம் வகை இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோப்பி குடித்து முடிய, முதலாவதில் நரம்புதான் மிச்சம். மூன்றாவதன் மேல் புழுக்கள் ஏறி, இறங்கிப் போயிருந்தன.

வெட்கத்தோடு திரும்பி வந்து இலையைக் குறுக்கே சீவிப் பார்த்தேன். வெயிலைப் பிடிக்கும் அடுக்கு மூன்றாம் வகையில் இரட்டை வரிசை. அளவு கூடியது அதனால்தான். இலை தடித்துப் புழுவின் வாய்க்கு ஒத்துவராததும் அதனால்தான். அடுத்த நாளே போய், "என் பேச்சைக் கேட்டு நடாதீர்கள்" என்று சொன்னேன். உர்ஸ் முதலாம் வகைக் கன்றுகளை வாங்கும் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"உங்கள் கருவி கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் அது சாப்பிடாதே."

இப்போதெல்லாம் அறிக்கையை மேலதிகாரிக்கு அனுப்பும்போதே உர்ஸின் புழுத்தட்டிலும் ஒரு இலை வைக்கிறேன். முதலில் பதில் வருவது தட்டிலிருந்துதான்.