முதலில் கொடுத்தவள்

நூம்பலில் ராஜகுமாரியின் முகம் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். அவள் சபைக்கு நிலம் கொடுத்த கதை தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவளே சொல்லிவிடுவாள். திருமழிசைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வாயைத் திறப்பதற்கு முன்பே, "அந்த சர்ச்சு கீதே, அது நம்ம எடம்தான்" என்று தொடங்கிவிடுவாள்.

கோவில்பதாகையில் பிறந்து, கல்யாணமாகி நூம்பலுக்கு வந்தவள் அவள். திருமழிசை தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. நூம்பல் இன்னும் வயலும் முள்ளுமாகக் கிடந்த காலத்தில் அவளும் புருஷனும் அங்கே அரை கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். வீடு கட்டுவதற்குள் அவனுக்கு ஈரல் கெட்டுப்போனது. அவன் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் பாஸ்டர் தங்கராஜும் சில குடும்பங்களும் அவள் வாடகை வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார்கள். அப்படித்தான் ராஜகுமாரி விசுவாசத்துக்குள் வந்தாள். அவன் இறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, "அந்த எடத்த சபைக்குக் குடுத்துட்டேன்" என்றாள். பத்திரம் எதுவும் எழுதவில்லை. பாஸ்டரும் கேட்கவில்லை. சிமெண்ட் ஷீட் போட்டு ஒரு கொட்டகை எழும்பியது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள். கொட்டகைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. முதல் வரிசைப் பாயில் சுவரோரம் அவள் இடம். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சைச் சாறும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்குப் பன்னீர் திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து சாறு எடுப்பதும் அவள்தான். ஜெபம் முடிக்கும்போது பாஸ்டர், "இந்த இடத்தைக் கொடுத்த எங்கள் சகோதரி" என்று சொல்வார். ராஜகுமாரி கண்ணை மூடியபடியே தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வாள். அந்தக் குனிவில் இருந்த பெருமை கடைசி வரிசைக்கும் தெரியும்.

பிறகு கோமளா வந்தாள்.

கோமளாவுக்கு நாசரேத் பக்கம். மகன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்ததால் வேலப்பன்சாவடியில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவள். பாட்டுக்கு நல்ல குரல். அவள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்பதைப் பாஸ்டர் ஒருமுறை மேடையிலேயே சொல்லிவிட்டார். ராஜகுமாரிக்கு அன்றே சுருக்கென்றது. கொட்டகையை ஒட்டிய மனை விலைக்கு வந்தபோது கோமளா அதை வாங்கி, முறைப்படி சபைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள்.

சபை ஆண்டுவிழாவில் கோமளாவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவள் மெல்லிய குரலில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அழைக்காமலே ராஜகுமாரி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"பத்திரம் எதுக்கு? கையெழுத்து எதுக்கு? ஆண்டவருக்குக் குடுத்தா குடுத்ததுதான்! அந்த எடத்துல எனக்கோ எம்மவனுக்கோ ஒரு பிடி மண்ணுகூட பாத்தியதை இல்ல. ஸ்தோத்திரம்!"

சபையே கைதட்டியது. யாரோ ஒருவருடைய செல்போன் அதை நேரலையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தது. அன்று ராஜகுமாரிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கோமளா சொன்னதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், தான் சொன்னதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று மகன் நிர்மலிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரே வீடியோதாம்மா, ரெண்டு பேரும் அதுலதான் கீறீங்க" என்றான் அவன்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. "இந்த மாசம் திராட்சைச் சாறு கோமளா சிஸ்டர் செய்யட்டுமே, உங்களுக்கும் ஓய்வு" என்றார் பாஸ்டர். ராஜகுமாரி சின்னக் கோப்பையில் அதைக் குடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் எல்லோரிடமும் சர்க்கரை தூக்கல் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மனையையும் சேர்த்துக் கட்டிய புதுக் கூடத்துக்குக் கல்வெட்டு வைத்தார்கள். நிலம் கொடுத்தவர்கள் என்று போட்டு, கோமளா பெயர் மேலே, ராஜகுமாரி பெயர் கீழே.

"இன்னா பாஸ்டர் இது?"

"அகர வரிசைப்படி போட்டோம் சிஸ்டர். கானா முன்னாடி, ரானா பின்னாடி. வேற ஒண்ணுமில்ல."

"எழுத்துக்கு வரிசை வெச்சீங்க. எனுக்கு வெக்கலியா?"

அடுத்த வாரமே பூந்தமல்லியில் ரகுநாதன் வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பட்டாவைப் பார்த்தார். இன்னும் அவள் பெயரில்தான் இருந்தது.

"பதிவு செய்யாம வாயால குடுத்தது சட்டத்துல நிக்காதும்மா. அனுமதியோட இருந்தாங்க, இப்ப காலி பண்ணணும்னு வழக்குப் போடுவோம். இடம் திரும்ப வரும்."

நிர்மலுக்கு அது காதில் தேன் ஊற்றியதுபோல் இருந்தது. அவனுக்குப் பார்த்த ஆவடிப் பெண் வீட்டார், "சொந்த வீடா, வாடகையா?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அரை கிரவுண்டு திரும்பக் கிடைத்தால் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று மனசுக்குள்ளேயே கட்டிமுடித்துவிட்டான்.

வழக்கு நடந்தது. அதிசயம் என்னவென்றால், ராஜகுமாரி ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விட்ட அதே கூடத்தில், அதே முதல் வரிசைப் பாயில் போய் உட்கார்ந்தாள். "வழக்கு கோர்ட்டுல. ஆண்டவரோட எனுக்கு இன்னா வழக்கு?" என்றாள்.

மனஸ்தாபம் இருப்பவர்கள் அது தீரும்வரை திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது அந்தச் சபையின் ஒழுங்கு. அதனால் அப்பத் தட்டு வரும்போது அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் ஓரக்கண்ணால் பார்த்தால், அந்தப் பக்கம் கோமளாவும் தட்டை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறாள். சபையே கோமளாவை இரக்கத்தோடு பார்த்தது. ராஜகுமாரிக்கு வயிறு எரிந்தது. பட்டினி கிடப்பதிலுமா போட்டி?

சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் நெருங்கியது. ரகுநாதன் அழுத்திச் சொன்னார்: "நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். 'நான் கொடுக்கல. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.' அந்த வீடியோவைப் போடுவாங்க. ஏதோ வேகத்துல பேசினதுன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

வீட்டில் நிர்மல் எதிர்க்கட்சி வக்கீலாக நின்று கேட்பான். அவள் பதில் சொல்லுவாள். சோறு வடித்துக்கொண்டே சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு முறையும் "நான் குடுக்கல" என்ற இடத்தில் குரல் தேய்ந்துபோகும்.

"சத்தமா சொல்லும்மா. நம்ம ஊட்டு வேலை இதுலதான் கீது."

"சொல்றேன்டா. வாய்ல வரணுமில்ல?"

பூந்தமல்லி கோர்ட்டில் அன்று நல்ல கூட்டம். சபை ஆட்கள் பின்பெஞ்சில் இருந்தார்கள், நடுவில் கோமளா. சபை தரப்புக்கு நிவேதிதா என்ற இளம் வக்கீல்.

"அம்மா, அந்த இடத்தை நீங்க சபைக்குக் கொடுக்கவே இல்லைன்னு சொல்றீங்களா?"

"நான் குடுக்கல. இருந்துட்டுப் போட்டும்னு வுட்டேன்."

ரகுநாதன் லேசாகத் தலையசைத்தார். நிவேதிதா வீடியோவைப் போட்டாள். ராஜகுமாரியின் குரல் கோர்ட்டு முழுக்க ஒலித்தது.

"இது நீங்கதானே?"

"நான்தான். ஏதோ வேகத்துல பேசினது."

நிர்மல் மூச்சை விட்டான். நிவேதிதா அடுத்த கேள்வி இல்லாததுபோல் கொஞ்சம் நின்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"சரிம்மா. அப்போ அந்த சபைக்கு நிலம் கொடுத்தவங்க கோமளா ஒருத்தங்க மட்டும்தான். அப்படித்தானே?"

"ஆமா" என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். ரகுநாதன் கண்ணாலேயே அதைச் சொன்னார். நிர்மலின் உதடு அசைந்தது. ராஜகுமாரி வாயைத் திறந்தாள். பின்பெஞ்சில் கோமளா தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குனிவை ராஜகுமாரிக்கு நன்றாகத் தெரியும். அது தன்னுடைய குனிவு.

"இன்னாது?" என்றாள் ராஜகுமாரி. "அவ மட்டுமா? முள்ளு மண்டி பாம்பு பூந்துகினு கெடந்தப்போ அவ எங்க இருந்தா? ஃப்ளாட்டு கட்டினப்புறம் வந்தவ அவ! குடுத்தது நான். மொதல்ல குடுத்தது நான்!"

ரகுநாதன் எழுந்து, "சாட்சி உணர்ச்சிவசப்பட்டு..." என்று தொடங்கினார்.

நீதிபதி அவரைக் கையமர்த்தினார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'முதலில் கொடுத்தது நான்.' அப்படியே பதிவு பண்ணலாமா?"

"பண்ணுங்கய்யா. கொட்டை எழுத்துல பண்ணுங்க."

கோர்ட்டில் சிரிப்பலை எழுந்து அடங்கியது. ரகுநாதன் வழக்கு ஃபைலை மூடிவைத்தார்.

வெளியே வந்ததும் அவர், "சட்டம் இன்னும் உங்க பக்கம் கொஞ்சம் இருக்கும்மா. ஆனா நீங்களே உங்க பக்கம் இல்லையே!" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

நிர்மல் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தைம்மா. ஒரே ஒரு 'ஆமா'. உன்னால சொல்ல முடியல இல்ல?"

"முடியலடா."

"இனிமே எவன் பொண்ணு குடுப்பான்? அந்தக் கல்வெட்டைக் கட்டிக்கினு வாடகை ஊட்லயே கெட."

ராஜகுமாரி அழுதுவிட்டாள். அப்போது கோமளா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொன்னது நெசந்தானே. அதுக்குப் போயி ஏன் அழுதீங்க?"

"நீ பேசாத. உன்னாலதான் எல்லாம்."

"என்னாலயா?" கோமளாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் பத்திரம் போட்டுக் குடுத்தேன். என்ன பிரயோசனம்? இன்னைக்கும் ஜனங்க உங்களத்தான் 'இடம் குடுத்த அக்கா'ங்காங்க. என்னைய 'ஃப்ளாட் அக்கா'ங்காங்க. கூடத்துக்கு வழி கேட்டா ஆட்டோக்காரன்கூட 'ராஜகுமாரி சர்ச்சா?'ன்னுதான் கேக்கான். எனக்கு எம்புட்டு எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ராஜகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

"எந்த ஆட்டோக்காரன்?"

"எல்லாவனுந்தான்."

"ராஜகுமாரி சர்ச்சுன்னா கேக்குறான்?"

"ஆமாங்கேன்."

நிர்மல் பைக்கைக் கிளப்பி, "வர்றியா, இல்லியா?" என்று உறுமினான்.

"நீ போடா" என்றாள் ராஜகுமாரி. "நான் இவளோட ஷேர் ஆட்டோல வரேன்." பிறகு கோமளாவின் பக்கம் திரும்பி, "வேற யாரெல்லாம் அப்டி சொல்றாங்க? பேரோட சொல்லு" என்றாள்.