வள்ளி முகம் சுளிக்காத நாள்

யுத்த காலத்து ஐப்பசி மாதம். தூத்துக்குடியில் ஆத்தூர் வெற்றிலை விற்றுப் பிழைக்கும் எனக்கு அன்று கடையில் வேலையே ஓடவில்லை. மூன்று வயது மகள் வள்ளிக்கு மஞ்சள் காமாலை. குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. போதாக்குறைக்கு இருமலும் சேர்ந்துகொண்டு பிள்ளை கண்ணே மூடவில்லை. பிழைப்பாளா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. "செந்தூர் முருகா, பிள்ளை கொஞ்சம் உறங்கட்டும்" என்று வேண்டினேன். வேறு கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் வள்ளி உறங்கிக்கொண்டிருந்தாள். ஆடியில் இருமலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தில் மீதி இருந்தது. அதை அதே அளவில் என் மனைவி கொடுத்திருந்தாள்.

"பிள்ள எப்படி ஒறங்குதா பாத்தீயளா? முருகன் காதுல விழுந்துட்டு" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவனுக்கு நன்றி சொல்லி, செந்தூர்க் கோயிலில் பன்னீர் இலையில் மடித்துத் தந்த விபூதியைப் பிரித்து வள்ளியின் நெற்றியில் பூசினேன். விபூதி என்றாலே அவளுக்கு ஆகாது. உறக்கத்தில் பூசினாலும் முகத்தைச் சுளித்து என் கையைத் தட்டிவிடுவாள். அன்று மூக்கிலும் கொஞ்சம் உதிர்ந்தது. தும்மவில்லை, சுளிக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

குதிரை வண்டி பிடித்து டாக்டரிடம் ஓடினோம். நாங்கள் கொண்டுபோன மருந்துப் புட்டியைப் பார்த்தார்.

"காமாலையோட இதக் குடுத்தீயளா அண்ணாச்சி? இதுல அபின் சேந்திருக்கு. ஈரல் கெட்டுக் கெடக்கும்போது மருந்து ஒடம்ப விட்டு லேசுல எறங்காது. ஆடியில குடுத்த அளவே இப்ப அதிகம்" என்றார்.

வள்ளியைச் சரித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனித்தார். எங்களை விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். காலையில் உறங்க வை என்று கேட்டவன், இப்போது எழுப்பிவிடு என்று கேட்டேன். முருகனுக்கே என்மேல் சலிப்பு வந்திருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வள்ளி சிணுங்கினாள். பிறகு வீறிட்டு அழுதாள். நான் எளிதில் அழுகிறவன் இல்லை. அன்று அவளோடு சேர்ந்து அழுதேன்.

காமாலை இறங்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதன்பின் பிள்ளைக்கு நோய் என்றால் பழைய மருந்தை நாங்கள் தொடுவதில்லை. டாக்டரைக் கேட்கிறோம்.

அன்பர்களே, உங்கள் பிள்ளை நோயில் கிடந்தால் முருகனைக் கூப்பிடுங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவன் சரியாகத்தான் கொடுக்கிறான். கூப்பிட்ட கையோடு பிள்ளையின் உறக்கத்தையும் தொட்டுப் பாருங்கள்.

வள்ளி இன்றும் விபூதியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள். அதைப் பார்க்கத்தான் தினமும் பூசுகிறேன்.