மகள் பெயருக்குப் போட்ட வடிகட்டி

"...எழுதினேன்னு அவ அம்மாகிட்ட சொல்றாளாம். எங்கேம்மா எழுதினா? நீங்களே பாருங்க, ஒண்ணையும் காணோம்" என்றபடி சார் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் சின்ன அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நான் பக்கத்து மேசை. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். மௌஸுக்கு வேலையே இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு விசை. மின்னஞ்சலும், முகம் தெரியாதவர்கள் கூடிப் பேசும் செய்திக் குழுக்களும் ஒரே மென்பொருளில் வந்து விழும். சில மாதங்களுக்கு முன் தமிழ்க்குழு ஒன்றில் அந்தப் பெண் விளையாட்டாக எழுதியிருந்தாள்: "எங்கப்பாவுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, 'ஆகுத்தெ பிடு'. குழாய் ஒழுகினாலும் அதான், என் அட்மிஷன் தள்ளிப்போனாலும் அதான்." ஆகும் விடு என்கிற கன்னடம், சார் வாயில் அது ஓயாது. அலுவலகமே படித்துவிட்டது. "சார், சம்பளம் எப்போ? ஆகுத்தெ பிடுவா?" என்று கேன்டீனில் வைத்துக் கேட்டார்கள். சாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மேசைக்கு வந்ததும், "பெத்தவன நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுட்டாளேம்மா" என்றார். அன்றைக்கே, மகளின் பெயர் வந்தால் கண்ணில் காட்டாமல் அழித்துவிடும்படி ஒரு வடிகட்டி போட்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் அஞ்சலைத் திறந்து, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவும் மகளும் பேசுவார்கள். இவர் பேப்பரோடு பால்கனிக்குப் போய்விடுவாராம். அலுவலகத்தில் யாரும் அவரிடம் மகள் பேச்சை எடுப்பதில்லை. மாதங்கள் போயின. கடைசியில், "அப்பாவுக்கு எழுதி எழுதி ஓஞ்சுட்டேன், இனி எழுத மாட்டேன்" என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்து, மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். வடிகட்டி எங்கெல்லாம் செல்லும் என்று கேட்கும் வரியை அவர் தொடவே இல்லை. செய்திக் குழுவுக்கு மட்டும் என்று மாற்றாமல் விட்டால் அது அஞ்சலுக்கும் சேர்த்தே வேலை செய்யும். மெல்லச் சொன்னேன். "போனதெல்லாம் திரும்ப வராதா?" என்றார். வராது சார் என்றேன். வடிகட்டியை அவரே நீக்கினார்.

இன்றைக்குப் படித்தார்களா இல்லையா என்பதைக் கைப்பேசியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்று அவளுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும்தான்.

தமிழ்க்குழுவைத் திறந்தார். குழுவில் போட்டவை வெளிக் கணினியில் இருப்பதால் அழிந்திருக்கவில்லை; மறைந்திருந்த பதிவுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றில் அவள் கேட்டிருந்தாள்: "பெங்களூருக்கு மெயில் ஒழுங்காகப் போகிறதா? நான் போடுவது எதுவும் சேரவில்லை போலிருக்கிறது." யாரோ ஒருவர், "நன்றாகப் போகிறதே, நேற்றுகூட என் அண்ணன் பதில் போட்டானே" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவளுடைய "நன்றி". அதற்குப் பின் அந்தக் குழுவில் அவள் பெயர் எங்குமே இல்லை.

சார் அந்த நன்றியின் மேலேயே வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். பிறகு பதில் எழுதும் விசையைத் தட்டினார். எழுதியவருக்கு மட்டுமா, குழு முழுவதுக்குமா என்று திரையின் அடியில் கேள்வி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குழு முழுவதுக்கும் என்பதை அழுத்தினார்.