தெருவெல்லாம் என் குரல்

நான் வாயாடி. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, நான்காம் வகுப்புக் கணக்குப் பாடங்களை என் செல்போனிலேயே பதிவு செய்தேன். முகத்தைக் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்ததால், படத்தில் என் கையும் கரும்பலகையும் மட்டும்தான். ஒரே பாடம் வாட்ஸ்அப்பில் போனது, கேபிள் டிவியில் வந்தது, படத்தைக் கழற்றிவிட்டு ரேடியோவிலும் ஒலித்தது.

சாயங்காலம் எங்கள் நெல்லித்தோப்புத் தெருக்களில் பால் வாங்க நடப்பேன். ஒரு வீட்டு டிவியில் பின்னம் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டு ரேடியோவில் அப்போதுதான் அதே பின்னத்தை ஆரம்பித்திருப்பேன். மாடிப்படியில் ஒரு பிள்ளை போனை மடியில் வைத்து, என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்கும். வெயில் மங்கிய தெருவில், மாஸ்க்குக்குள் வாயை மூடிக்கொண்டு, என் குரலுக்குள்ளேயே நான் நடந்து போவேன். நிஜமா கனவா என்றே தெரியாது. அப்படியொரு சந்தோஷம்!

"ஊரே உன் பேச்சத்தான் கேக்குது, நான் வேற தனியா கேக்கணுமா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் என் குரல் கம்மியது. குரல்நாணில் கட்டி, ஆபரேஷன் செய்யவேண்டும், பழைய குரல் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேச்சில்லாத டீச்சர் யாருக்கு வேண்டும்? பயந்து செத்தேன்.

ஆபரேஷன் முடிந்து நான் லீவில் இருந்த மாதங்களில், நான்காம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு என் பழைய பதிவுகளை வகுப்பு டிவியில் போட்டார்கள். இங்கே நான் சைகை காட்டிக் காப்பி கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே டிவிக்குள் அவள், அந்தப் பழைய நான், ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பிப் போன அன்று வகுப்பில் நின்று வணக்கம் சொன்னேன். காற்றும் கரகரப்புமாக ஏதோ வந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சின்னப்பெண் எழுந்தாள். "டிவில வர்ற டீச்சர் எப்ப வருவாங்க?"

நான்தான் அது என்றால், இந்தக் குரலை வைத்துக்கொண்டு யார் நம்புவார்கள்? "அவங்க இனிமே வரமாட்டாங்கம்மா. நான்தான் பாடம் எடுப்பேன்" என்றேன். பாதிக்கு மேல் சத்தமே வரவில்லை.

"என்ன டீச்சர்? கேக்கல."

மறுபடியும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு முன் பெஞ்சுக்கு வந்து, அங்கிருந்தவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"இங்கேருந்து கேக்குது டீச்சர். சொல்லுங்க" என்றாள்.