டெபோராவின் வயிற்றில் இருந்தது

டெபோராவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாமியார் ஹில்டாவின் வீட்டில்தான் குடித்தனம். கணவன் பென்னி காசிமேட்டு விசைப்படகில் போகிறவன். ஒருமுறை கடலுக்குப் போனால் இருபது நாள் கழித்துத்தான் வீடு. டெபோரா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், வந்துபோகும் பெட்டிகளின் நம்பரைச் சரிபார்த்து எழுதும் வேலையில் இருந்தாள். பிள்ளை இல்லை. அவளைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

ஹில்டா கத்திப் பேசுகிற ரகமில்லை. தெருவில் யார் வீட்டிலாவது ஞானஸ்நானம் என்றால், "நீ வூட்டப் பாத்துக்கோமே, நான் போய்ட்டு வந்துடறேன்" என்பாள், அவ்வளவுதான். மீன் குழம்பு ஊற்றும்போது நல்ல துண்டமெல்லாம் மகன் தட்டுக்குப் போகும், மருமகளுக்கு வால். "அவளுக்கு இன்னாத்துக்கு சதை? ஒட்டவா போவுது?" என்று ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் டெபோராவின் காதுபடவே சொன்னாள்.

மாதவிலக்கு மூன்று வருஷமாகவே சரியில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இழுக்கும். யார்டில் பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் கேட் ஓரத்தில். பெட்டிகளுக்கு நடுவே வெயிலில் நிற்பவள் அங்கே போய்ச் சேர்வதற்குள் துணி நனைந்துவிடும். கேட்டில் காவலுக்கு நிற்கும் ரஹீமுன்னிசாதான் ஒரு நாள் தன் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றிவிட்டாள். "இப்டியே செத்துப் போலாம்னு கீறியா? நாளைக்கு லீவு போடு" என்று திட்டி, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சங்கமித்ரா நிதானமாகச் சொன்னார். "பயப்படாத. கேன்சர் மாதிரி தெரியல. கர்ப்பப்பைச் சுவர்ல மூணு கட்டி இருக்கு. பெருசு சாத்துக்குடி அளவு. குழந்தை தங்காததுக்கும் இது காரணமா இருக்கலாம்."

"கர்ப்பப்பையையே எடுத்துடுவீங்களா மேடம்?"

"எதுக்கு எடுக்கணும்? கட்டி பைக்கு உள்பக்கமா இருந்தா வயித்தத் தொடாம கீழ் வழியாவே எடுத்துடலாம். உனக்குச் சுவர்ல இருக்கு. மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, கட்டிக்குப் போற ரத்தத்த அடைச்சு அதச் சுருங்க வைக்கிற வைத்தியமும் இருக்கு. ஆனா குழந்தை வேணும்கிறவங்களுக்கு நான் அத முதல்ல சொல்ல மாட்டேன். வயித்துல மூணு நாலு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, கட்டிய மட்டும் எடுத்துடலாம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடுவ. ஆனா உடம்புல ரத்தம் ரொம்பக் கம்மி. மொதல்ல ரத்தம் ஏறட்டும், அடுத்த மாசம் தேதி தரேன்."

பஸ்ஸில் திரும்பும்போது டெபோராவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், அவள் பையில் சாவி தேடிய ஹில்டா கையில் ஸ்கேன் படம் இருந்தது. மகனைப் போலவே ஹில்டாவுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கறுப்பு வெள்ளையில் உருண்டையாக ஒன்று தெரிந்தது, அவ்வளவே.

"எத்தினி மாசம்மே?" என்றாள்.

டெபோரா வாயைத் திறந்தாள். அதற்குள் ஹில்டா படத்தை முத்தமிட்டு, மாதா சுரூபத்தின் முன்னால் மண்டிபோட்டுவிட்டாள். "எட்டு வருசம் இவளக் கரிச்சுக் கொட்டினேனே தாயே" என்று அழுதாள். எழுந்து வந்து மருமகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தக் கைகளை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. 'கட்டி, அத்தே.' இரண்டே சொல். அவளுக்கு வரவில்லை.

மூன்று மாதம் என்று ஹில்டாவே கணக்கு வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டம் அவள் தட்டில் விழுந்தது. கரைக்கு வந்த பென்னி ஸ்கேன் படத்தை போனில் படமெடுத்துப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினான். சேர்ந்து படுக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னதும், மறுபேச்சில்லாமல் தரையில் படுத்துக்கொண்டு ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

ஒவ்வொரு மாதமும் ரத்தம் கண்டதும், கலைந்துவிட்டதென்று இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். துணிகளை யார்டிலேயே அலசி உலர்த்திக்கொண்டு வருவாள். "சொல்லித் தொலையேன்டி" என்று ரஹீமுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வாரம் மட்டும் போவட்டும்கா. அத்தே எனக்குன்னு நண்டு வாங்கியாறேன்னு சொல்லிகீறாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. மூன்றாவது முறை அந்த நம்பரையே தடுத்து வைத்தாள். கட்டி வளர்ந்து வயிறு மேடிட்டது; செக்கப்புக்கு யார்டிலிருந்தே போய்வருவதாக வீட்டில் சொல்லிவைத்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஹில்டா அதை மசக்கை என்றாள்.

ஜூலை மாதக் கடைசியில், ஏழாம் மாதம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, டெபோரா பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். ரத்தம் தார்ரோட்டில் ஓடியது. ரஹீமுன்னிசா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் ரத்தம் நிற்கவில்லை. ஹில்டாவும் பென்னியும் ஓடி வந்தபோது சங்கமித்ரா தியேட்டர் வாசலில் நின்றிருந்தார்.

"வேற வழியில்ல, கர்ப்பப்பைய எடுத்தாத்தான் ஆள் பிழைக்கும். கையெழுத்துப் போடுங்க."

"புள்ள?" என்றான் பென்னி.

"எந்தப் புள்ள?"

அவர் கட்டியைப் பற்றிச் சொல்லி முடித்தபோது பென்னி ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

டெபோரா கண் விழித்தபோது தொப்புளுக்குக் கீழே நீளமாகக் கட்டுப் போட்டிருந்தது. கட்டில் பக்கத்தில் பென்னி நின்றான். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டான். நாலாம் நாள் அவன் கடலுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் ஹில்டா வந்தாள். அழவில்லை, திட்டவில்லை. டம்ளரில் கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் பேசினாள்.

"தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. வவுத்துல கட்டிய வச்சிகினு ஏமாத்திட்டான்னு சொன்னா, சிரிப்பா சிரிக்கப்போறது உன்ன இல்ல, என்ன. அதான், புள்ள செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லிட்டேன். ஆம்பளப் புள்ள. தாத்தா குழியிலயே வச்சிட்டோம்னு சொல்லிகீறேன். வேலைக்குப் போவாதமேன்னு தலபாடா அடிச்சிகினேன், கேக்கல, வுழுந்து கொன்னுட்டான்னும் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

"அத்தே, நான் எப்டி அத்தே..."

"இல்லாத புள்ளய உண்டாக்கினவ நீ. சாவடிச்சவ நான். கஞ்சியக் குடி."

வீட்டுக்கு வந்தபின் ஹில்டா அவளை வேலைக்கு அனுப்பவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவள் குடத்தை நகர்த்திக்கொள்வாள். 'புள்ளயத் தின்னவ' என்று யாரோ சொல்லுவார்கள். நடந்ததைச் சொன்னால் அதைவிடக் கேவலம். ரஹீமுன்னிசா ஒருமுறை பார்க்க வந்தாள். ஹில்டா வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள். பென்னி கரைக்கு வந்தாலும் படகிலேயே படுத்துக்கொண்டான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மாமனார் கல்லறையிலேயே, அவர் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் புதிதாக சிமென்ட் சிலுவை நட்டிருந்தார்கள். அதில் 'தாமஸ்' என்று கறுப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. டெபோராவுக்கு அப்போதுதான் பிள்ளையின் பேர் தெரியும்.

தெருப் பெண்கள் சாமந்தியும் ஊதுவத்தியுமாகச் சுற்றி நின்றார்கள். ஹில்டாவுக்கு உண்மையாகவே கண்ணீர் வழிந்தது. "இன்னா கல்லு மனசுமே உனுக்கு, ஒரு சொட்டுத் தண்ணி வர்ல" என்றாள் ஒருத்தி.

ஹில்டா மெழுகுவத்தியை நீட்டினாள். "ஏத்து."

டெபோரா ஏற்றினாள். கடல் காற்றில் அது அணைந்தது. மறுபடி ஏற்றினாள்.

"உம் புள்ளைக்கு நீயே ஜெபம் சொல்லு" என்றாள் ஹில்டா.

டெபோரா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டிபோட்டாள். அருள் நிறைந்த மரியே மந்திரத்தைத் தொடங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, 'உம்முடைய திருவயிற்றின் கனி' என்ற இடத்திலும் நிற்காமல், ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.