பாட்டு ஏற்றக் கொடுத்த போன்

யுத்தகாலத்தில் கட்டாரிலிருந்து என் கணவர் கமரா போன் ஒன்று அனுப்பியிருந்தார். என் பழைய போனில் கதைக்க மட்டும்தான் முடியும். இதில் படம் எடுக்கலாம், பாட்டும் கேட்கலாம்.

பாட்டு ஏற்றுவதற்காக, திருகோணமலை பஸ் நிலையத்தடியில் இருந்த கடையொன்றில் அதைக் கொடுத்தேன்.

"பின்னேரம் வாங்கோ அக்கா" என்றான் கடைக்காரன்.

நான் நேரத்தோடேயே போய்விட்டேன். அவனுடைய கொம்பியூட்டரில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது. கணவருக்குக் காட்டவென்று அறைக்குள் நைற்றியோடு எடுத்த படம். கீழே வரிசையாக வேறு பெண்களின் படங்கள்.

"என்ர படத்தை ஏன் எடுத்தனீ?"

"எல்லாற்ற படத்தையும் எடுக்கிறனான்தானே அக்கா" என்று சிரித்தான். "கேக்கிற ஆக்கள் இருக்கினம்."

கத்திச் சத்தம் போட்டு எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். அதற்கு முன்பே யார் யாருக்குக் கொடுத்தானோ, தெரியாது.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் வழக்கம்போல என் கைப்பையைக் கிளறினார்கள். அந்தக் கைகளைத்தான் இவ்வளவு காலமும் அருவருத்துக்கொண்டிருந்தேன். போனைத் தொட்ட கை வேறு. அக்கா என்று கூப்பிட்டவனிடம் நானே சிரித்துக்கொண்டு நீட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் போனைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். உள்ளே துடைக்க ஏலாது.